ஸ்டிக் விழுந்த இடம்

ஒரு பெட்டி வாங்கி வரச் சொன்னதற்காக என் உயிர்ச் சிநேகிதன் ஒருவன் நாலு நாள் என்னோடு பேசவில்லை.

பெட்டி என்றால் பெரிய பெட்டி ஒன்றுமில்லை. மூன்று கிலோ. இரண்டு சப்பாத்துப் பெட்டிகளை ஒன்றன் மேல் ஒன்று வைத்தால் எவ்வளவு வருமோ, அவ்வளவுதான். பேஸ் கிற்றாரை வீட்டில் வைத்து வாசிப்பதற்கான சின்ன அம்பிளிபயர். கட்டாரிலிருந்து வந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவன்தான் கோபித்துக்கொண்டு போனவன்!

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்ல வேண்டும்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து வாசிக்கிறவர்களுக்கு நான் மன்னாரில் ஒரு கந்தோரில் கோப்புப் புரட்டுகிறவன் என்பது தெரியும். பேஸ் கிற்றார் வாசிக்கிறவன் என்பதை இதுவரை சொன்னதில்லை. ஏன்? சொன்னால் அடுத்த கேள்வி வரும் — "அதென்ன, மற்றக் கிற்றாரை விட இதில ரெண்டு கம்பி குறைவாக் கிடக்கு?" என் மாமனாரே பெண் பார்க்கப் போன அன்று கேட்ட கேள்வி அது. மீதிக் கம்பிக்கு வசதி இல்லை என்று நினைத்திருப்பார் போல.

நாலு கம்பிதான். ஆனால் தடித்த கம்பி. ட்ரம்ஸ்காரனின் கால் பெரிய ட்ரம்மை மிதிக்கிற அதே கணத்தில் பேஸ்காரனின் விரல் அந்தக் கம்பியைத் தட்ட வேண்டும். இரண்டும் சரியாக ஒன்றாக விழுந்தால், கேட்கிறவருக்கு ஒரே சத்தம்தான். எது கால், எது விரல் என்று தெரியாது. ஆக, நான் நன்றாக வாசித்தால் என்னை யாருக்கும் கேட்காது. பிழை விட்டால் மட்டும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். இந்த உத்தியோகத்தை எவன் விரும்பி எடுப்பான்? நான் எடுத்தேன். காரணம் யூட்.

யூட் பேசாலைக்காரன். போட் இஞ்சின் திருத்துகிறவன். மிச்ச நேரத்தில் ட்ரம்ஸ். எங்கள் குழுவில் நாலு பேர். யூட், நான், கீபோர்ட் வாசிக்கிற சேவியர் மாஸ்டர், பாடிக்கொண்டே கிற்றார் வாசிக்கிற றொஷான். மாஸ்டர் கணக்கு ரியூஷன் கொடுப்பவர், றொஷானுக்குப் பார்மசி. கலியாண வீடு, கோயில் திருநாள், பள்ளிக்கூட விழா என்று தலைமன்னார் தொடங்கித் தீவுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரை பத்து வருடம் திரிந்தோம். கழுதைகள் ரோட்டை மறித்து நிற்க, ஓட்டோவுக்குள் பேஸ் கிற்றாரின் கழுத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்க, யூட் முன்னால் இருந்து ஹோர்ன் அடிக்கச் சொல்லிக் கத்துவான். அந்தக் கத்தலும் தாளத்தில்தான் இருக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் அவன் கட்டாருக்குப் போனான். ஏசி திருத்துகிற வேலை. புறப்படுவதற்கு முதல் நாள் பின்னேரம் என்னைத் தன்னுடைய இஞ்சின் கொட்டிலுக்குக் கூப்பிட்டான். ட்ரம்ஸைப் பொருத்தித் தயாராக வைத்திருந்தான்.

"மச்சான், உன்ர போனை இந்தக் கதிரையில வை. எங்கட பதினொரு பாட்டுக்கும் அடிச்சுத் தாறன். நான் வருமட்டும் நீ இதோட வாசி. விட்டிடாதை, என்ன?"

அடித்தான். பாட்டு இல்லை, கீபோர்ட் இல்லை, வெறும் ட்ரம்ஸ். மூன்றாவது ஒரு வேகமான பைலா, ஆட்டப் பாட்டு. நடுவில் வேர்வையில் கை வழுக்கி ஸ்டிக் விழுந்தது. இரண்டு அடி தவறிப் போனது. அந்த இடைவெளியில் "சீ... சனியன்!" என்று திட்டிவிட்டு, வேறு ஸ்டிக்கை எடுத்து, ஒன்றும் நடக்காததுபோல அடித்துக்கொண்டு போனான்.

"அதைத் திருப்பி அடிக்கட்டோ?" என்று கடைசியில் கேட்டான்.

"காணும், விடு. எனக்கு மட்டுந்தானே."

அவ்வளவுதான். போய்விட்டான்.

குழு கலையவில்லை. ஆனால் கூடவும் இல்லை. வேறு ட்ரம்ஸ்காரன் தேடலாம் என்று றொஷான் ஒருமுறை சொன்னான். மாஸ்டர் கரும்பலகையை அழித்துக்கொண்டே, "பாப்பம்" என்றார். மாஸ்டரின் "பாப்பம்" என்றால் என்ன அர்த்தம் என்று அவரிடம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

நான் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன். கந்தோரால் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, காதில் வயரைச் செருகி, அந்தப் பதினொரு பாட்டு. அம்பிளிபயர் இல்லாத பேஸ் கிற்றாரில் சத்தமே வராது. என் மனைவி மதிக்குக் கேட்பதெல்லாம் 'டிக் டிக்' என்று கம்பி தட்டுப்படுகிற சத்தம் மட்டும். "பல்லி சொல்லுது எண்டு நினைச்சன்" என்று ஒருநாள் சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள்.

மூன்றாவது பாட்டு வரும்போது மட்டும் எனக்குள் ஒரு எதிர்பார்ப்பு வந்துவிடும். இதோ... இதோ... ஸ்டிக் விழுகிறது. நானும் நிறுத்துவேன். "சீ... சனியன்!" பிறகு சேர்ந்து தொடங்குவோம். உண்மையைச் சொல்கிறேன், பதினொரு பாட்டிலும் எனக்குப் பிடித்த இடம் அதுதான். மற்ற இடத்திலெல்லாம் ட்ரம்ஸ் இருந்தது. அந்த இடத்தில் யூட் இருந்தான்.

இப்படியே போயிருந்தால் நல்லது. ஆனால் எனக்கு ஒரு நோய் பிடித்தது. சாமான் வருத்தம்!

வாத்தியம் வாசிக்கிற எவனுக்கும் இது வரும். போனில் ஒரு வீடியோ பார்ப்பீர்கள். யாரோ ஒரு தாடிக்காரன் இரண்டு பேஸ் கிற்றாரை மடியில் மாறி மாறி வைத்து வாசித்து, எது திறம் என்று கேட்பான். அதோடு முடிந்தது கதை. நாலு கம்பியா, ஐந்து கம்பியா? பற்றரி போட்டதா, போடாததா? பத்து அங்குல ஸ்பீக்கரா, எட்டு அங்குலமா? உலகத்தில் உள்ள எல்லா மொடலின் எடையும் விலையும் எனக்கு மனப்பாடம். கையில் தொட்டது ஒன்றே ஒன்று — கொழும்பில் ஒரு கலியாணக் குழுக்காரன் கைவிட்ட பழைய கிற்றார். அதன் கழுத்து கொஞ்சம் வளைந்திருக்கிறது. என்னுடையதும்தான்.

கம்பி மாற்றவாவது வழியுண்டா? சோளகக் காற்று தொடங்கினால் எங்கள் தீவில் கதவுப் பிணைச்சலே துருப்பிடிக்கும். கம்பி எம்மாத்திரம்? புதுக் கம்பிக்குக் கொழும்புக்குப் போக வேண்டும். அதனால் பேஸ்காரர் எல்லாரும் செய்கிற வேலையை நானும் செய்தேன். கம்பிகளைக் கழற்றிப் பத்து நிமிடம் தண்ணீரில் அவித்தேன். ஊத்தை கழன்று, சத்தம் கொஞ்ச நாளைக்குப் பளிச்சென்று இருக்கும். அவித்தது ரசச் சட்டியில் என்பதுதான் பிரச்சினை. அந்தச் சட்டியை மதி திரும்ப உள்ளே எடுக்கவே இல்லை. "இனி இதில உங்கட கிற்றாரையே சமைச்சுச் சாப்பிடுங்கோ" என்று விட்டாள்.

இப்படி இருக்கையில் யூட்டின் போன் வந்தது.

"மச்சான், தங்கச்சிக்குக் கலியாணம் சரிவந்திட்டுது. மூண்டு கிழமை லீவில வாறன். பாட்டுக்கு வேற ஆக்களைப் பிடிக்கக் கூடாது எண்டு அம்மாட்டச் சொல்லிப்போட்டன். நாங்கள்தான் வாசிக்கிறம். சரி, சொல்லு... உனக்கு என்ன கொண்டு வர?"

கேட்கலாமா இந்தக் கேள்வியை, வருத்தக்காரனிடம்? ஒன்றரை மாதம் யோசித்தேன். பிளேனில் அவனுக்கு முப்பது கிலோதான் விடுவார்கள். அதற்குள் தங்கச்சிக்கு, மாப்பிள்ளைக்கு, அம்மாவுக்கு எல்லாம் வர வேண்டும். பட்டியல் போட்டு ஆராய்ந்து, கடைசியில் அந்த மூன்று கிலோ அம்பிளிபயரின் படத்தை அனுப்பினேன்.

ஒன்றை மட்டும் சொல்லவில்லை. அந்தப் பெட்டிக்குள் நாற்பது விதமான ட்ரம்ஸ் தாளம் இருக்கிறது. பொத்தானை அமத்தினால் அதுபாட்டுக்கு அடிக்கும். தனியாக இருந்து பழகுகிறவனுக்கு வசதி. மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. அதுதான் இன்னும் மோசம், இல்லையா?

வந்தான். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தான்; முன்தலை மயிர் பின்வாங்கியிருந்தது. கட்டிப்பிடித்தபோது இருவருக்குமே கண் கலங்கிவிட்டது. அவன் அம்மா தேத்தண்ணியோடு ஒரு குத்தலையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார். "தம்பி, என்ர கிரைண்டர் வரவேண்டிய இடத்திலதான் உம்மட பாட்டுப் பெட்டி வந்திருக்கு. நல்லா வாசியும்."

யூட் இஞ்சின்காரன். ஒரு பொத்தானைக் கண்டால் அமத்தாமல் விடமாட்டான். பெட்டியைப் பிளக்கில் செருகி ஒவ்வொன்றாக அமத்திக்கொண்டு போனான். ஆறாவதோ ஏழாவதோ... ட்ரம்ஸ் அடிக்கத் தொடங்கியது. சுத்தமான பைலாத் தாளம்.

அவன் கொஞ்ச நேரம் கேட்டான்.

"இதென்னடா?"

"அது... பழகிறதுக்கு. தாளம். உள்ளுக்கே இருக்கு."

"ஓ." மறுபடி கேட்டான். "நல்லாத்தான் அடிக்குது. பிழை விடாது. லீவும் கேளாது."

"மச்சான், அப்பிடியில்லை..."

"எனக்குப் பதில் ஆள் எடுத்ததை என்னட்டையே சொல்லியிருக்கலாமேடா. நானே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறன், பார். கையில. மடியில வைச்சுக்கொண்டு." பிளக்கைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்து என் கையில் தந்துவிட்டு, குளிக்கப் போவதாகச் சொல்லி உள்ளே போனான். அரைமணி நேரம் இருந்தேன். வரவில்லை.

அந்த நாலு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. பின்னேரங்களில் எங்கள் ஒழுங்கையில் மேலும் கீழும் நடந்தேன். அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. எந்த வீட்டில் ஆகப் பெரிய ரீவி இருக்கிறதோ, அந்த வீட்டில் ஓர் ஆள் குறைவு. மகன் சவூதியில் என்றால் வாசிங் மெசின். மருமகள் குவைத்தில் என்றால் இரண்டு கதவு பிரிட்ஜ். ஆள் போன இடத்தில் சாமான் வந்து குந்திக்கொள்கிறது. நாங்களும் அதைத் துடைத்து, துணி போட்டு மூடி, வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறோம். நான் மட்டும் என்ன, வேறு ஒழுங்கையா?

ஐந்தாம் நாள் ஒத்திகை. மாஸ்டரின் ரியூஷன் கொட்டில். பிள்ளைகள் போனபின், கரும்பலகையில் அழிக்காத இருபடிச் சமன்பாட்டுக்குக் கீழே ட்ரம்ஸ். யூட் என்னைப் பார்க்கவில்லை.

"மாஸ்டர், பேஸைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ" என்றான். நான் அவனிலிருந்து இரண்டு அடி தூரத்தில் நின்றேன்.

"மாஸ்டர், குறைச்சிட்டன் எண்டு சொல்லுங்கோ" என்றேன் நான்.

"நான் என்ன தபால் கந்தோரோ?" என்றார் மாஸ்டர்.

முதல் பாட்டு இழுபட்டது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பைலா. றொஷான் தொடங்கினான், கால்கள் தாமாக ஆடத் தொடங்கின. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, காதுக்குள் இல்லாமல் பக்கத்தில், அந்தக் கால் மிதிக்கிறது... என் விரல் விழுகிறது... அப்படியே போகிறோம்... போகிறோம்... நான் டக்கென்று நின்றேன்.

மற்ற மூன்று பேரும் போய்க்கொண்டிருந்தார்கள். பிறகு இடறி, ஒருவர் மேல் ஒருவர் விழாத குறையாக நின்றார்கள்.

"ஏனடா நிண்டனீ?" கோபத்தில் யூட் நேராகவே என்னிடம் கேட்டுவிட்டான்.

"நீ... ஸ்டிக்கைப் போட்டனீ."

"ஆர்? நானோ? கையிலதானே கிடக்கு, விசரா!"

எனக்கே அப்போதுதான் விளங்கியது. என் முகம் சூடேறியது. போனை எடுத்து அந்த மூன்றாவது பாட்டைப் போட்டேன். கொட்டில் முழுக்க யூட்டின் பழைய ட்ரம்ஸ். வந்தது அந்த இடம். 'டொக்' என்று ஸ்டிக் விழுந்தது.

"சீ... சனியன்!"

றொஷான் விழுந்து விழுந்து சிரித்தான். மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யூட் சிரிக்கவில்லை. என் கையிலிருந்து போனை வாங்கி, திரும்பவும் அந்த இடத்தைப் போட்டுக் கேட்டான். பிறகு இன்னொரு தரம்.

"ஆறு வருசமா இதோடயோ வாசிச்சுக்கொண்டிருந்தனீ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"காய்ச்சல் வந்தா விட்டிடுவன்."

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நான் அங்க தலகணியிலதான் அடிக்கிறனான், மச்சான். ஒரு ரூமில பத்துப் பேர். சத்தம் போடேலாது. கட்டில்ல இருந்து, பதினொரு பாட்டும். தலகணி கிழிஞ்சு பஞ்சு வந்திட்டுது. அதுதான்... அந்தப் பெட்டி தொடங்கின உடன எனக்கு என்னவோ செய்திட்டுது."

"எனக்கு நீ இல்லாமல் ஏலாதடா" என்றேன். இத்தனை வருடத்தில் இதை நான் அவனிடம் சொன்னதில்லை. மன்னார் ஆம்பிளைகள் சொல்லுகிற வசனமில்லை அது. சொன்னபின் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் இருபடிச் சமன்பாட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி, சரி. அழுது முடிஞ்சுதெண்டால் தொடங்குவம்" என்றார் மாஸ்டர். "அடேய், அந்த இடத்தில நிக்காதை. கலியாண வீடு. சம்பந்தி பகுதி வேற இருக்கு."

"கலியாணத்துக்கு அந்தப் பெட்டியையும் கொண்டு வா. என்ர கிலோவில வந்தது. சும்மா கிடக்கக் கூடாது" என்றான் யூட்.

அடுத்த பத்து நாளும் எனக்கு ஒரே வேலைதான். அந்த இடத்தில் நிற்காமல் போகப் பழகுவது. லேசான வேலை என்று நினைக்கிறீர்களா? ஆறு வருடப் பழக்கம். மூன்றாவது பாட்டை நாளுக்கு முப்பது தரம் வாசித்தேன். விரல் தானாக நிற்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தள்ளுவேன். கலியாணத்துக்கு முதல் நாள்தான் ஒருவாறு சரிவந்தது. எதையோ தொலைத்துவிட்ட மாதிரியும் இருந்தது.

கலியாணம். கோயிலில் பூசை முடிந்து, மத்தியானம் மண்டபத்தில் விருந்து. மண்டபத்து ஸ்பீக்கர்களில் வழக்கம்போலப் பாட்டுக்காரனின் குரல்தான் கிழித்துக்கொண்டு வந்தது. பேஸ் எங்கே போனது என்று தேட வேண்டும். மூன்று கிலோப் பெட்டியை ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் வைத்து, முழுச் சத்தமும் திறந்து, அதற்கு முன்னால் ஒரு மைக்கையும் நிறுத்தியிருந்தோம். மூன்றாவது வரிசையில் மதி, கோழிக் காலோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பாட்டு. ஆட எழும்பியவர்கள் எழும்பினார்கள். நான் அந்த இடத்தை நோக்கிப் போகிறேன். நிற்கக் கூடாது... நிற்கக் கூடாது... வந்துவிட்டது. நிற்கவில்லை! நேராகப் போனேன்.

யூட் நின்றுவிட்டான்.

இரண்டு ஸ்டிக்கையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, என்னைப் பார்த்து வாயெல்லாம் பல்லாக. எனக்காக நிறுத்தியிருக்கிறான்! மற்ற இருவரையும் முன்கூட்டியே பேசிப் பழக்கியிருக்கிறான் பாவி. மாஸ்டரின் கை கீபோர்ட்டுக்கு மேலே நிற்கிறது. றொஷான் வாயை மூடியிருக்கிறான். எனக்கு மட்டும் சொல்லவில்லை. அந்த முழு மண்டபத்திலும் இரண்டு அடிக்கு என் பேஸ் கிற்றார் ஒன்றுதான் கேட்டது. தும்... தும்.

யூட்டின் வாய் சத்தமில்லாமல் அசைந்தது. என்ன சொன்னான் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிறகு அவன் கால் விழுந்தது, என் விரலும் விழுந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் ஓட்டோவில் மதி கேட்டாள். "இஞ்சருங்கோ, நடுவில ஒரு இடத்தில எல்லாம் நிண்டு 'தும் தும்' எண்டு கேட்டுது. அது நீங்களோ?"

"ஓம்."

"நல்லாத்தானே இருக்கு! இவ்வளவு வருசமும் ஏன் வாசிக்காமல் இருந்தனீங்கள்?"

பதினாலு வருடக் கலியாண வாழ்க்கையில் இவ்வளவு பெரிய பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை. பேஸ் கிற்றாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்தேன்.

போன புதன்கிழமை யூட் திரும்பிப் போனான். பேசாலை ஸ்டேஷனில் காலை ரயிலுக்காக நின்றோம். ரயில் கண்ணில் பட்டதும் அவனுக்கு நினைவு வந்தது.

"அட, உன்ர போனில புதுசா அடிச்சுத் தந்திருக்கலாமே. பிழை இல்லாமல். மறந்தே போனம் பார்."

"ஓமடா, மறந்திட்டம்" என்றேன்.

நான் மறக்கவில்லை. மூன்று கிழமையும் நினைவிருந்தது. ஆனால் புதிதாக அடித்து வாங்கினால், இன்னொரு ஆறு வருடத்துக்கு நானே சரி என்று சொன்னதாகிவிடும். அதற்கு என்னால் ஏலாது. ரயில் வாசலில் நின்று கையைக் காட்டிக்கொண்டே போனான். ரயில் மறைந்த பிறகும் நான் அங்கேயே நின்றேன். அவன் இல்லாத ஸ்டேஷனில் எனக்கு என்ன வேலை? இருந்தாலும் நின்றேன்.

இப்போது பெட்டி என் மேசையில் இருக்கிறது. அருமையான சாமான். குறை சொல்ல ஒன்றுமில்லை. நேற்றுப் பின்னேரம் உட்கார்ந்து நாற்பது தாளத்தையும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கடைசி வரை கேட்டேன்.

ஒரு தாளமாவது ஸ்டிக்கை விழுத்த வேண்டுமே... சீ, சனியன்!